கோவில்பட்டியிலிருந்து கவுகாத்தி: இரண்டு சின்னப் பிள்ளைகளோடு போகலாமா?

கரிசல்தம்பி | பிப்ரவரி 11, இரவு 10:40

எல்லோருக்கும் வணக்கம். பொதுத்துறை வங்கியில் வேலை, வயது 36. இன்று மத்தியானம் டிரான்ஸ்பர் ஆர்டர் வந்தது. கவுகாத்தி. மார்ச் கடைசியில் அங்கே சேர வேண்டும். மதுரை அல்லது அதிகம் போனால் பெங்களூரு என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு அசாம் என்றதும் காப்பி தொண்டையில் நின்றுவிட்டது.

மகளுக்கு ஏழு வயது, ஜூனில் இரண்டாம் வகுப்பு போக வேண்டியவள். மகனுக்கு இரண்டரை. மனைவி இங்கே ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். வீட்டில் யாருக்கும் இந்தி தெரியாது, எனக்கு மட்டும் "கித்னா" அளவுக்குத் தெரியும். அம்மா மதியத்திலிருந்து பேசவில்லை. அப்பா "அங்கே எல்லாம் குண்டு போடுவான்" என்று 1990-களிலேயே நிற்கிறார்.

என் கேள்வி ஒன்றுதான். இரண்டு மூன்று வருஷம் நான் மட்டும் போய் ரூம் எடுத்து இருந்துகொண்டு, இவர்களை இங்கேயே விட்டுவிடவா, இல்லை எல்லோரும் கிளம்புவதா? அங்கே இருந்தவர்கள் சொல்லுங்கள். யூடியூபில் பார்த்தால் எல்லாம் காண்டாமிருகமும் தேயிலைத் தோட்டமுமாகத்தான் வருகிறது, வீட்டு வாடகை, பள்ளிக்கூடம், தோசை மாவு பற்றி ஒருத்தரும் பேசவில்லை.

சந்தேகப்பிராணி | பிப்ரவரி 11, இரவு 11:15

தனியாகப் போங்கள். நான் நாக்பூரில் நாலு வருஷம் அப்படித்தான் இருந்தேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவேன். பிள்ளைகள் படிப்பு கெடவில்லை, மனைவி வேலையும் போகவில்லை. புது மொழி, புது பள்ளி, புது தண்ணீர் என்று சின்னப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போய், அவர்கள் பழகும் நேரத்தில் திரும்ப மாற்றல் வரும். அப்புறம் இங்கே வந்து தமிழில் பின்தங்குவார்கள்.

நூன்மாட்டி_11 | பிப்ரவரி 12, காலை 6:05

சந்தேகப்பிராணி அண்ணன் சொல்வதில் ஒரு பாதி சரி. ஆனால் நாக்பூர் வேறு, இது வேறு. நாக்பூரிலிருந்து ஒரு ரயில் ஏறினால் மறுநாள் சென்னை. கவுகாத்தியிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவது என்பது டிக்கெட் விலை பார்த்தால் தெரியும், அதுவும் தீபாவளி நேரத்தில் பார்க்கவே வேண்டாம். இரண்டரை வயதுப் பையன் அப்பாவை போனில்தான் பார்ப்பான்.

நான் கவுகாத்தியில் நூன்மாட்டி எண்ணெய் ரிஃபைனரி குடியிருப்பில் 11 வருஷம் இருந்தேன். 1962-ல் வந்த ரிஃபைனரி அது. எங்களுக்குக் கம்பெனி குவார்ட்டர்ஸ், அதனால் வீடு தேடும் கஷ்டம் எனக்கு நேரடியாகத் தெரியாது, ஆனால் ஊர் தெரியும். தம்பிக்குச் சொல்ல வேண்டியவை:

முதலில் வெளிச்சம். இது யாரும் சொல்ல மாட்டார்கள். கோவில்பட்டியும் கவுகாத்தியும் ஒரே கடிகாரம்தான், ஆனால் சூரியன் அங்கே முன்கூட்டியே வந்துவிடும். ஜூனில் காலை நாலரைக்கு விடிந்துவிடும். டிசம்பரில் சாயங்காலம் நாலரைக்கு அஸ்தமனம், ஐந்துக்கெல்லாம் இருட்டு. தேயிலைத் தோட்டங்களில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துக்கொண்டு "பாகான் டைம்" என்று தனியாக ஓட்டுவார்கள், அவ்வளவு வித்தியாசம். பிள்ளைகள் தூங்கும் நேரம், சாப்பிடும் நேரம் எல்லாம் புரளும். கனமான திரைச்சீலை வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது வீடு. மார்ச்சில் போய்ப் பார்த்தால் எல்லாத் தெருவும் அழகாகக் காய்ந்து கிடக்கும். ஏமாறாதீர்கள். கவுகாத்தியைச் சுற்றி மலை, மழை பெய்தால் தண்ணீர் முழுக்க உள்ளே இறங்கும், பரலு ஆறு தாங்காது. அதை அவர்களே "கிருத்ரிம் பான்", செயற்கை வெள்ளம், என்பார்கள். அனில் நகர், நபின் நகர், ருக்மிணிகாவ், ஹாத்திகாவில் பல சந்துகள் எல்லாம் இடுப்பு வரை பார்த்தவை. பக்கத்துக் கடைக்காரரிடம் "போன ஜூனில் தண்ணீர் எதுவரை வந்தது" என்று கேளுங்கள், புரோக்கரிடம் கேட்காதீர்கள். முதல் மாடிக்குக் கீழே எடுக்க வேண்டாம்.

தண்ணீரில் இரும்பு அதிகம். பக்கெட்டில் பிடித்து வைத்தால் அரை மணியில் மஞ்சளாகும், வெள்ளைச் சட்டை போயே போச்சு. பல வீடுகளில் மணலும் கரியும் போட்ட சிமென்ட் தொட்டி ஃபில்டர் இருக்கும், இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். கரண்டுக்குப் பல வீடுகளில் இப்போது ப்ரீபெய்ட் மீட்டர், போன் மாதிரி ரீசார்ஜ் செய்ய வேண்டும். காசு தீர்ந்தால் என்ன ஆகும் என்று நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள்.

நிலநடுக்கமும் வரும். அந்த ஆபத்து மிக அதிகமுள்ள பகுதி அது. 2021 ஏப்ரல் 28 காலையில் 6.4 அளவில் குலுங்கியதே, அன்றைக்கு நான் அங்கேதான். பயமுறுத்தவில்லை. பீரோவைச் சுவரில் திருகி வையுங்கள், கட்டில் தலைமாட்டில் கனமானதை மாட்டாதீர்கள். மகளுக்கு மேசைக்கு அடியில் போகச் சொல்லிக் கொடுங்கள், அவ்வளவுதான்.

குண்டு விஷயம். அப்பா சொன்ன காலம் உண்மையில் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். நான் இருந்த 11 வருஷத்தில் என்னைக் கஷ்டப்படுத்தியது பந்த் மட்டும்தான்.

நீங்கள் மட்டும் முதலில் போய் இரண்டு வாரம் வீடு தேடி, அப்புறம் அவர்களை அழைத்துக்கொள்ளுங்கள். இதுதான் என் யோசனை.

மாலிகாவ்_மீனா | பிப்ரவரி 12, மதியம் 1:30

தம்பி, உன் பதிவை இரண்டு தடவை படித்தேன். அம்மா பேசவில்லை, அப்பா குண்டு என்கிறார், உனக்குக் காப்பி தொண்டையில் நின்றது. உன் மனைவி என்ன சொன்னாள் என்று ஒரு வரி இல்லையே. "வேலை கணக்கு டீச்சர்" என்பதோடு முடிந்துவிட்டது. அவளைக் கேட்டாயா?

என் வீட்டுக்காரர் ரயில்வே, கவுகாத்தி மாலிகாவில்தான் ஆபீஸ், வடகிழக்கு எல்லை ரயில்வேயின் தலைமையகம் அங்கேதான் இருக்கிறது. நான் நாலு வருஷம் இருந்தேன். போகும்போது பெரியவனுக்கு ஐந்து, சின்னவள் கைக்குழந்தை. ஆண்களுக்கு ஆபீஸ் இருக்கிறது, பேச நாலு பேர் இருப்பார்கள், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். வீட்டில் இருப்பவளுக்கு? முதல் டிசம்பரில் நாலரை மணிக்கு இருட்டும்போது ஜன்னல் பக்கம் நின்று அழுதிருக்கிறேன், எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இட்லி மாவு புளிக்காததற்கு அழுதேன் என்றுகூட வைத்துக்கொள்ளலாம். ஜனவரியில் பத்து, பதினொன்று டிகிரி, மாவு கல் மாதிரி உட்கார்ந்திருக்கும்.

அப்புறம் எப்படி மாறியது என்றால், பக்கத்து வீட்டு ஆயிதா. ஆயிதா என்றால் பாட்டி. ஒருநாள் அவரே கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்து "பாத் காலே நே?" என்றார். சாப்பிட்டியா என்று அர்த்தம். நம் ஊரில் வாசலில் பார்த்தால் கேட்போமே, அதே கேள்வி, அதே இழுவை. நான் ஒன்றும் புரியாமல் "தமிழ், தமிழ்நாடு" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அங்கே பாக்குக்குப் பெயர் "தாமூல்". நான் என்னைப் பாக்கு என்று அறிமுகம் செய்துகொண்டேன் போல! உள்ளே போய்க் கால் வைத்த வெண்கலத் தட்டில் வெற்றிலையும் பச்சைப் பாக்கும் கொண்டுவந்து நீட்டினார், விருந்தாளிக்கு அதுதான் முதல் மரியாதை. நானும் வீரமாக மென்றேன். இரண்டு நிமிஷத்தில் காது சூடாகி, நெற்றி வியர்த்து, தலை சுற்றிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நம் ஊர் கொட்டைப்பாக்கு இல்லை அது, பச்சைப் பாக்கு ஏறிவிடும். ஆயிதா சர்க்கரையும் தண்ணீரும் கொடுத்து முதுகைத் தடவினார். அன்றைக்கு ஆரம்பித்தது. நாலு வருஷம் என் பிள்ளைகளுக்கு அவர்தான் பாட்டி.

அதனால் போகலாமா என்று எங்களைக் கேட்காதே. இந்த இழையை அவளிடம் கொடு.

கரிசல்தம்பி | பிப்ரவரி 12, இரவு 9:50

அக்கா, நன்றாகக் கொட்டினீர்கள். கேட்டேன்தான், ஆனால் "நீ என்ன சொல்ற" என்று கேட்டுவிட்டுப் பதில் வருவதற்குள் அம்மாவைச் சமாதானப்படுத்தப் போய்விட்டேன். இப்போது போனை அவளிடம் கொடுத்தேன். முழுவதும் படித்துவிட்டு, "நாலரைக்கு இருட்டும் என்று ஒருத்தராவது சொன்னார்களே" என்றாள். வேலையை விடுவதுதான் அவளுக்கு வலிக்கிறது, எட்டு வருஷம் ஒரே பள்ளி. ஆனால் தனியாக இரண்டு பிள்ளைகளோடு இங்கே இருப்பதற்குச் சம்மதம் இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டாள். அப்ப எல்லோரும் போகிறோம்.

இனி அடுத்த கேள்விகள். பள்ளி? சாமான் எப்படி அனுப்புவது? சின்னவனுக்கு ஏதாவது ஊசி போட வேண்டுமா?

தண்டவாளம் | பிப்ரவரி 13, காலை 8:20

கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸ்தான் இந்தியாவிலேயே அதிக தூரம் ஓடும் ரயில், 4,000 கிலோமீட்டருக்கு மேல். கவுகாத்தியில் இறங்க மூன்று இரவு ரயிலிலேயே. நான் தனியாளாக ஆசைக்குப் போனேன். ஒடிசா தாண்டும்போது ஆசை போய்விட்டது. இரண்டரை வயதுப் பையனோடு அதில் ஏறுவது என்றால் உங்களுக்கு என் அனுதாபங்கள். சென்னையிலிருந்து நேர் விமானம் சுமார் மூன்று மணி நேரம்தான்.

சாமான் குறைத்துக்கொள்ளுங்கள். கட்டில், பீரோ எல்லாம் விற்றுவிடுங்கள், அங்கே வாங்கிக்கொள்ளலாம். கிரைண்டரை மட்டும் விடாதீர்கள், கல் தனியாக, டிரம் தனியாகப் பழைய போர்வையில் சுற்றி அனுப்புங்கள். பைக்கை ரயில் பார்சலில் போடலாம், டாங்கில் ஒரு சொட்டு பெட்ரோல் இருக்கக் கூடாது, சாக்கு சுற்றித் தைத்து, ஆர்.சி. நகல் கொடுக்க வேண்டும். ஒரு வருஷத்துக்கு மேல் அங்கே ஓட்டினால் மறுபதிவு செய்ய வேண்டும், இங்கே ஆர்.டி.ஓ.-வில் தடையில்லாச் சான்று இப்போதே வாங்கி வையுங்கள். கேஸ் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து டெர்மினேஷன் வவுச்சர் வாங்கினால் அங்கே கனெக்‌ஷன் சுலபம். அந்தத் தாளைத் தொலைத்துவிட்டு நான் பட்டபாடு தனி இழை.

நூன்மாட்டி_11 | பிப்ரவரி 13, காலை 9:00

பள்ளி: கேந்திரிய வித்யாலயாவில் (கே.வி.) மாற்றல் உள்ளவர்களுக்கு முன்னுரிமை உண்டு, ஆனால் இரண்டாம் வகுப்பு என்பதால் காலியிடம் இருந்தால்தான் கிடைக்கும். அங்கே இந்தி இல்லாமல் முடியாது, முதல் ஆறு மாதம் குழந்தை திணறும், இப்போதே அ, ஆ ஆரம்பித்துவிடுங்கள். தனியார் பள்ளிகளில் அசாமியமும் வரும். எழுத்து வங்காள எழுத்துதான், இரண்டு எழுத்து மட்டும் வேறு. இன்னொன்று, கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கிவிடும், அங்கே பல பள்ளிகளில் கோடை விடுமுறை மே மாதம் இல்லை, ஜூலை. மே மாதம் பாட்டி வீட்டுக்கு வரலாம் என்று டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

ஊசி: மூளைக்காய்ச்சலுக்கு, ஜப்பானிய வகை, அங்கே தடுப்பூசி முக்கியம். ஒன்பதாம் மாதமும் ஒன்றரை வயதையொட்டியும் போடுவது. தமிழ்நாட்டில் எல்லா மாவட்டத்திலும் போடுவதில்லை. உங்கள் குழந்தை மருத்துவரிடம் அட்டையைக் காட்டிக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். கொசுவலை கட்டாயம்.

சந்தேகப்பிராணி | பிப்ரவரி 13, காலை 10:10

எல்லாம் சரி, வெளியாள் என்று ஒதுக்க மாட்டார்களா? அந்த ஊர் அரசியலே வெளியாள் பிரச்சினைதானே. அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

நூன்மாட்டி_11 | பிப்ரவரி 13, காலை 11:25

நியாயமான கேள்வி. 1979 முதல் 1985 வரை ஒரு பெரிய போராட்டமே அதற்காக நடந்தது, அசாம் ஒப்பந்தத்தில் முடிந்தது. தங்கள் மொழியும் நிலமும் கையைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம் அவர்களுக்கு இன்றும் உண்டு. நமக்கு அது புரியாமல் இருக்க முடியாது, மொழிக்காகத் தெருவில் இறங்கியவர்கள்தானே நாமும். வேலைக்கு வந்து நாலு வருஷம் இருந்து போகும் தென்னிந்தியர் மேல் எனக்குத் தெரிந்து யாரும் காட்டம் காட்டியதில்லை. ஆனால் அங்கே போய் எல்லோரிடமும் இந்தியிலேயே அதிகாரம் செய்தால் முகம் மாறும். "மோய் ஒஹொமியா நாஜானு" (எனக்கு அசாமியம் தெரியாது) என்று அசாமியத்திலேயே சொல்லிப் பாருங்கள், காய்கறிக்காரர் ஒரு கட்டு கீரை சும்மா போடுவார்.

இன்னொரு வார்த்தை, "லாஹே லாஹே". மெல்ல மெல்ல. பிளம்பர் வருவாரா? லாஹே லாஹே. நாம் ஒன்பது மணி என்றால் எட்டே முக்காலுக்கு நிற்கிற ஆட்கள், முதல் வருஷம் ரத்தக்கொதிப்பு ஏறும்.

மாலிகாவ்_மீனா | பிப்ரவரி 13, இரவு 8:00

சாப்பாடு பற்றிச் சொல்லிவிடுகிறேன், உன் மனைவி படிப்பாள் என்பதால் அவளுக்கே எழுதுகிறேன். தங்கச்சி, கறிவேப்பிலை கிடைக்கும், அங்கே அதற்கு நரசிங்கப் பெயர், நரசிங்க இலை. முருங்கைக்காய் சஜினா. வாழைப்பூ, வாழைத்தண்டு எல்லாம் நம்மைவிட அதிகம் சாப்பிடுவார்கள். பெல்தோலா சந்தை வியாழனும் ஞாயிறும், அங்கே போனால் பாதி ஏக்கம் தீரும். நல்லெண்ணெயும் புழுங்கல் இட்லி அரிசியும்தான் இழுபறி, கடுகெண்ணெய் வாசம் பழக ஆறு மாதம் ஆகும். கடல் மீன் மறந்துவிடு. ஆற்று மீனில் தக்காளி போட்டு "மாசோர் டெங்கா" என்று ஒரு புளிக்குழம்பு வைப்பார்கள், மிளகாய் அவ்வளவாகச் சேர்க்க மாட்டார்கள், சின்னப் பிள்ளைகளுக்கு அதைவிட நல்லது இல்லை. வாழைக்காய்த் தோலை எரித்த சாம்பலில் வடிகட்டிய தண்ணீரில் சமைப்பது "கார்", பெயரைப் பார்த்து உறைக்கும் என்று நினைக்காதே, சோடா உப்பு மாதிரி வழவழப்பு. எனக்கு நாலு வருஷத்திலும் பிடிக்கவில்லை, பொய் சொல்ல மாட்டேன்.

மாவுக்கு: குளிர்காலத்தில் வெந்நீர் விட்டு அரை, பாத்திரத்தைப் பழைய ஸ்வெட்டரில் சுற்றி, இன்வெர்ட்டர் மேல் வை. இன்வெர்ட்டர் சூடு போதும்.

கரிசல்தம்பி | ஜூலை 6, இரவு 9:15

மன்னிக்கவும், ஐந்து மாதம் கழித்து வருகிறேன். எழுதுவது அவர் இல்லை, அவர் மனைவி. மீனா அக்கா கேட்டதால் நானே எழுதுகிறேன்.

நூன்மாட்டி அண்ணன் சொன்ன அத்தனையும் கேட்டு, ஒன்றை மட்டும் கேட்காமல் விட்டோம். இவர் மார்ச்சில் வந்து ஹாத்திகாவ் பக்கம் ஒரு சந்தில் தரைத்தளம் எடுத்துவிட்டார். வாடகை மூவாயிரம் குறைவு, முன்னால் ஒரு கொய்யா மரம், அதில் மயங்கிவிட்டார். புரோக்கர் சத்தியம் செய்தாராம், தண்ணீரே வராது என்று. ஜூன் இரண்டாம் வாரம் ராத்திரி இரண்டு மணிக்குப் பாப்பா "அம்மா, செருப்பு நடக்குது" என்று எழுப்பினாள். எழுந்து காலை வைத்தால் கணுக்கால் வரை தண்ணீர், வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகள் ஹாலில் மிதந்து வந்துகொண்டிருக்கின்றன. கிரைண்டர் மோட்டார் போய்விட்டது. அரிசி டிரம்மைக் கட்டில் மேல் ஏற்றும்போது இவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

மாடியில் இருக்கும் வீட்டுக்கார அம்மா டார்ச்சோடு இறங்கிவந்து, கேட்காமலே பையனைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டார். மூன்று நாள் அங்கேதான் இருந்தோம். காலையில் அவலும் தயிரும் வெல்லமும். மொழி தெரியாமல் மூன்று நாள் ஒரே சமையலறையில் நின்றால் நிறையப் பேசிவிடலாம் என்று அப்போதுதான் தெரிந்தது. இப்போது அதே வீட்டில் முதல் மாடி காலியாகி அங்கே ஏறிவிட்டோம், வாடகை மூவாயிரம் அதிகம்.

ஏப்ரலில் வந்த ஒரு வாரத்தில் பிஹு, அசாமியர்களின் புத்தாண்டுத் திருவிழா. நமக்குச் சித்திரை ஒன்று, அதே நாட்கள். முதல் நாள் மாட்டுக்கு. உளுந்தும் மஞ்சளும் அரைத்துப் பூசிக் குளிப்பாட்டி, சுரைக்காய், கத்தரிக்காய்த் துண்டுகளை அதன்மேல் எறிகிறார்கள். பாப்பா "அம்மா, இங்க மாட்டுப் பொங்கலை ஏப்ரலில் வச்சிருக்காங்க" என்றாள். வீட்டுக்கார அம்மா எங்களுக்கு ஆளுக்கொரு கமோசா போட்டார், வெள்ளைத் துண்டில் சிவப்புக் கரை. எட்டு வருஷம் வேலை பார்த்த பள்ளியில் எனக்கு யாரும் ஒரு துண்டு போர்த்தியதில்லை, சும்மா சொல்கிறேன்.

அந்த வாரம் சாயங்காலம் திடீரென்று ஒரு காற்று அடித்தது, தகரக் கூரைகள் எல்லாம் தடதடவென்று. பயந்து கதவைச் சாத்தினேன். வீட்டுக்கார அம்மா சிரித்துவிட்டு, "பொர்தோய்சிலா" என்றார். பிஹு நேரத்தில் தாய்வீட்டுக்கு ஓடுகிற பெண்ணாம், அவசரத்தில் வழியில் இருப்பதையெல்லாம் சாய்த்துக்கொண்டு போவாளாம். அன்று ராத்திரி அம்மாவுக்கு ஒரு மணி நேரம் போன் பேசினேன்.

பள்ளி: கே.வி.யில் இடம் இல்லை. ஒரு தனியார் பள்ளியில் சேர்த்தோம், சேர்க்கும்போது இந்திக்குத் தனி வகுப்பு எடுப்போம் என்று சொல்லிப் பணமும் வாங்கினார்கள், இன்றுவரை ஒரு வகுப்பும் இல்லை. கேட்டால் லாஹே லாஹே. இரண்டு மாதம் காலையில் வயிற்றுவலி என்று அழுதாள், ஒரு நாளும் காய்ச்சல் இல்லை, வலி பத்து மணிக்குப் போய்விடும். நானும் திட்டியிருக்கிறேன், அதை நினைத்தால் இப்போதும் சங்கடம். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி அதே வகுப்பு, அவளுக்கு நான் சாயங்காலம் கணக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தேன், அவள் இவளுக்கு அசாமியம். மொழி இல்லாமல் கணக்கு எப்படி என்று கேட்காதீர்கள், புளியங்கொட்டை போதும். இப்போது ஐந்து பிள்ளைகள் வருகிறார்கள். இரண்டு பேர் பணம் தருகிறார்கள், ஒருத்தர் வாராவாரம் மீன் தருகிறார்.

பையன்தான் அதிசயம். வாசலில் யார் வந்தாலும் "ஆஹோக், பொஹொக்" என்கிறான், வாங்க, உட்காருங்க. போன வாரம் வீடியோ காலில் மாமியாரைப் பார்த்து "ஆயிதா" என்றுவிட்டான். அவர் முகம் வாடிவிட்டது. பாட்டி என்று சொல்லச் சொன்னால் ஓடிவிடுகிறான். இதற்கு மட்டும் எனக்கு வழி தெரியவில்லை. இவர் தினமும் ஐந்து நிமிஷம் அம்மாவைக் கதை சொல்லச் சொல்லியிருக்கிறார், போனை அவன் முன்னால் டம்ளரில் சாய்த்து வைத்துவிட்டு. மூன்று நாளாக உட்கார்ந்து கேட்கிறான், நரிக் கதை மட்டும்.

மாலிகாவ்_மீனா | ஜூலை 6, இரவு 11:40

படித்துவிட்டு என் வீட்டுக்காரரை எழுப்பிப் படித்துக் காட்டினேன். டிசம்பருக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது தங்கச்சி, சாயங்கால டியூஷனை நாலு மணிக்கு வைத்துக்கொள், இருட்டும்போது வீட்டில் சத்தம் இருக்க வேண்டும். ஜனவரியில் அவர்கள் போகாலி பிஹுவும் நம் பொங்கலும் ஒன்றாக வரும். முந்தின ராத்திரி ஊர் கூடிச் சாப்பாடு, விடியற்காலையில் மேஜி என்று வைக்கோலும் மூங்கிலும் கட்டிக் கொளுத்துவார்கள், நம் போகி மாதிரியே. எள்ளும் வெல்லமும் வைத்துச் சுருட்டிய தில் பிட்டா கொடுப்பார்கள். பதிலுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடு, நெய்யைக் குறைக்காதே.

சந்தேகப்பிராணி | ஜூலை 7, காலை 7:30

நான் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை, தமிழ் எழுத்தை விட்டுவிடாதீர்கள், பாப்பாவுக்கு இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் அனுப்பி வைக்கட்டுமா? கிரைண்டர் மோட்டார் என்ன மாடல் என்றும் சொல்லுங்கள், கோயம்புத்தூரில் தம்பி ஒருத்தன் கடை வைத்திருக்கிறான்.

புதுசு_92 | ஜூலை 7, மாலை 6:10

அண்ணே, அக்கா, எனக்கு சில்சார் ஆர்டர் வந்திருக்கிறது, குழந்தைக்கு எட்டு மாதம். இதெல்லாம் அங்கேயும் பொருந்துமா?

நூன்மாட்டி_11 | ஜூலை 7, மாலை 6:45

சில்சார் பராக் பள்ளத்தாக்கு தம்பி, மாநிலம் அசாம்தான், ஆனால் பேச்சு வங்காளம். இங்கே சொன்ன அசாமிய வார்த்தைகளை அங்கே போய் எடுத்துவிடாதீர்கள். தனி இழை தொடங்குங்கள், வருகிறேன். முதல் மாடி.